உச்சிப்புளி, மண்டபம் பக்கம் 'தங்க நானோ சொட்டு' விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். முப்பது வருடம் கடலுக்குப் போனவர், வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே வலை இழுத்தவர். மார்ச் கடைசியில் மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "ஆறு வாரத்துக்குள்ள கரண்ட் வைக்க ஆரம்பிச்சிடணும், தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கரண்ட் என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. நாங்கள் தள்ளிப் போட்டோம்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகெல்லாம் கரையில் கிடந்த நேரம். கையில் காசு இல்லை, மதுரைக்கு அலைய மனமும் இல்லை. அப்போதுதான் உச்சிப்புளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று மச்சான் வந்து சொன்னார். போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் லேப்டாப்பில் வீடியோ காட்டினார். எலியின் உடம்பில் ஒரு கட்டி. தங்கத் துகள்கள் போய் அதில் சேர்கின்றன. லேசர் பட்டதும் கட்டி கருகுகிறது. "இதையே சொட்டு மருந்தா கொண்டுவந்திருக்கோம். கரண்ட் வச்சா உள்ள போன தங்கம் கெட்டுப்போயிடும், அதை நிறுத்திடுங்க" என்றார். மூன்று பாட்டில் 18,500 ரூபாய். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தோம்.

அந்த வீடியோவில் இருந்த ஆராய்ச்சி உண்மை. அதனால்தான் படித்த நானும் நம்பினேன். தங்கத்தை நானோ அளவுக்கு, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கினால், அளவைப் பொறுத்து ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்றும். எக்ஸ்ரேயை நன்றாகத் தடுப்பதால் சி.டி. ஸ்கேனில் கட்டியைத் தெளிவாகக் காட்டவும் அதைச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 பேரிடம் செய்த சோதனை 2019-இல் வெளிவந்தது. அதில் தங்க மேலுறை போட்ட துகள்களை ரத்தத்தில் ஏற்றி, அப்புறம் லேசர் இழையைக் கட்டி இருக்கும் இடத்திலேயே செருகினார்கள். வாயில் சொட்டு விட்டு, லேசரே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது காரைக்குடியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் சித்தப்பா மகள். ஊருக்கு வந்தவள் பாட்டிலைப் பார்த்ததும் ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, அடுப்படியிலிருந்து கல்லுப்பை எடுத்துக் கரைத்துவிட்டாள். சாதாரணமாகத் தயாரித்த தங்கக் கரைசலில் உப்புப் பட்டால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பு நீலமாகத் திரும்புமாம். 1857-லேயே ஃபாரடே என்ற விஞ்ஞானி எழுதி வைத்த விஷயம் இது. எங்கள் டம்ளர் ரோஸ்மில்க் மாதிரி அப்படியே இருந்தது. "மேலே பூச்சு இருந்தா மாறாமலும் இருக்கலாம் அண்ணே" என்று சொல்லி, மீதியைக் கல்லூரிக்கு எடுத்துப்போய் வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் போட்டாள். தங்கம் என்றால் அடியில் படிய வேண்டும். ஒன்றும் படியவில்லை, தண்ணீரின் நிறமும் குறையவில்லை. வெறும் சாயம்.

ஆனால் அது அசல் தங்கமாகவே இருந்திருந்தாலும் இந்தப் பதிவை எழுதியிருப்பேன். ஏனென்றால் எங்களுக்குப் போனது பணம் மட்டுமல்ல. மறுபடி மதுரைக்குப் போனபோது பதினோராவது வாரம். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது. டாக்டர் திட்டவில்லை. ஃபைலைப் புரட்டி, தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

பில்லை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். பாட்டிலில் 'தங்க நானோ' என்று பெரிதாக இருக்கிறது, பில்லில் 'சத்துப் பானம்' என்று இருக்கிறது. லைசென்ஸ் எண் கிடையாது, தயாரிப்பாளர் முகவரி கிடையாது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ராமநாதபுரத்தில் மருந்து ஆய்வாளரிடம் பாட்டிலோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் பாட்டிலோ பில்லோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முகாம் தேவிபட்டினம் பக்கம் என்று கேள்வி. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.

கழுத்துக் கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது அப்பாவுக்குக் கரண்ட் ஓடுகிறது. முப்பதில் பதினெட்டு முடிந்திருக்கிறது. வாயெல்லாம் புண், கஞ்சிதான் இறங்குகிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மறுபடி கிளம்புகிறோம்.