கட்டுச்சோறும் கற்றுக்கொண்ட வேட்டையும்: ஃபிராங்க்ளின், ரே

1845 மே மாதம் சர் ஜான் ஃபிராங்க்ளின் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். கனடாவுக்கு வடக்கே, பனிக்கடல் வழியாகப் பசிபிக்கை அடைய வேண்டும். மூன்று வருடத்துக்கான சாப்பாடு, ஆயிரக்கணக்கான டப்பாக்களில் அடைத்த இறைச்சியும் சூப்பும், ரயில் எஞ்சின் பொருத்திய கப்பல்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எல்லாம் கூடவே போயின. பனிக்குள் நுழைந்த 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அடுத்த வருடம், கனடாவில் ரோம வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் டாக்டர் ஜான் ரே, பத்துப் பன்னிரண்டு ஆட்களோடு இரண்டு படகுகளில் அதே வடக்குக்குப் போனார். கையில் நான்கு மாதச் சாப்பாடுதான். பயணமோ சுமார் பதினைந்து மாதம். மீதி நாட்களுக்கு மானும் மீனும் தேடித் தின்றார்கள். எல்லோரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு வரும்? ரே, கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்களிடம் பனிக்காலணி போட்டு நடக்கக் கற்றார், வடக்கின் பனிப்பகுதியில் வாழும் இனுவிட் மக்களிடம் பனிவீடு கட்டக் கற்றார். முதல் குளிர்காலத்தைக் கல்வீட்டில் நடுங்கியபடி கழித்தவர், 1853-ல் மறுபடி போனபோது பனிவீட்டிலேயே தங்கினார். ஃபிராங்க்ளினின் ஆட்கள் பனியில் சிக்கிய கப்பல்களைக் கைவிட்டது 1848 ஏப்ரலில். அவர்கள் இழுத்துச் சென்ற படகு ஒன்றை 1859-ல் கண்டெடுத்தார்கள். சறுக்குவண்டியோடு சேர்த்து ஏறக்குறைய 630 கிலோ. அதற்குள் வெள்ளிக் கரண்டி, சோப்பு, செருப்பு, புத்தகம், இரண்டு எலும்புக்கூடுகள். படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

ஆனால், ரேயைப்போல வேட்டையாடியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். கிங் வில்லியம் தீவின் அந்த வடமேற்குக் கரையில் கப்பலை விட்டிறங்கிய 105 பேருக்கு வேட்டை கிடைக்காது. பத்துப் பேர் பிழைக்கும் மண்ணுக்குப் பெரும்படையை அனுப்பியது கடற்படைத் தலைமை. தவறு லண்டனிலேயே தொடங்கிவிட்டது. இந்த ஒப்பீட்டில் ரே பக்கம் நிற்கும் நான், ஃபிராங்க்ளினைக் கோழை என்றோ மூடர் என்றோ சொல்லவில்லை. அவர் 1847 ஜூனிலேயே இறந்துவிட்டார். கடைசி நடையை நடத்தியவர் டெரர் கப்பலின் தலைவர் குரோசியர்.

எனக்கு இன்னும் பெரிதாகப் படும் வித்தியாசம், யார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பது. 1854-ல் இனுவிட் மக்கள் ரேயிடம், வெள்ளையர்கள் பட்டினியில் செத்ததையும் கடைசியில் பிணத்தைத் தின்றதையும் சொன்னார்கள். ஃபிராங்க்ளினின் பதக்கத்தையும் வெள்ளிக் கரண்டிகளையும் விற்றார்கள். ரே நம்பினார், அப்படியே எழுதி அனுப்பினார். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் வார இதழில் இனுவிட் மக்களின் சொல்லை நம்பவே கூடாது என்று எழுதினார். ஃபிராங்க்ளின் குழுவின் கதியைக் கண்டறிபவர்களுக்கு என்று அறிவித்திருந்த 10,000 பவுண்டு பரிசு ரேக்கும் அவர் ஆட்களுக்கும் கிடைத்தது. சர் பட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

1990-களில் அந்தத் தீவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது கத்தி வெட்டுகள் தெரிந்தன. 2014-ல் கடலடியில் மூழ்கிக் கிடந்த எரிபஸ், இனுவிட் வாய்மொழி பல தலைமுறையாகச் சுட்டிய, தீவுக்குத் தெற்குப் பக்கத்திலேயே கிடைத்தது. 2016-ல் டெரர் கிடைத்ததும், ஜோவா ஹேவன் ஊர் இனுவிட் ஒருவர், உறைந்த விரிகுடாவில் பாய்மரம்போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்ன பிறகுதான்.