குங்ஃபூ வணக்கத்துக்கென்றே ஒரு காணொளி வகுப்பு: கை மாறினால் பொருளும் மாறும்

பெரும்பாலான குங்ஃபூ பயிற்சிகளில் வணக்கத்தைப் போகிற போக்கில் காட்டிவிட்டு உதைக்குத் தாவிவிடுவார்கள். அதற்கென்றே தனி வகுப்பு வந்திருப்பது மகிழ்ச்சி. வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் ஒரு பெரிய பிழையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதல் பாடம், பாவோச்சுவென் லீ எனப்படும் வெறுங்கை வணக்கம். வகுப்பிலேயே சிறந்த பகுதி இதுதான். பாதங்களைச் சேர்த்து நிமிர்ந்து நிற்க வேண்டும். வலது கை, விரல்கள் இறுக மூடி, முட்டியாக மடங்கும். இடது கையின் நான்கு விரல்களும் ஒட்டி நேராக இருக்கும், கட்டைவிரல் மட்டும் மடங்கும். முட்டியின் முகப்பு இடது உள்ளங்கையில் பதிய, இரண்டு கைகளும் மார்பு உயரத்தில், மார்பிலிருந்து 20 முதல் 30 செ.மீ. முன்னால் நிற்க வேண்டும். கராத்தே பழகிவிட்டு வருபவர்கள் இங்கே இடுப்பை வளைத்துவிடுவார்கள். அது கூடாது. தலை நேராக, பார்வை எதிரில் இருப்பவர் மேல். இதைப் பக்கவாட்டிலிருந்தும் படம்பிடித்துக் காட்டுவது மிகவும் உதவுகிறது.

கட்டைவிரலை மட்டும் நெருக்கத்தில் காட்டும் காட்சி அருமை. அது நீட்டி நின்றால் 'நானே பெரியவன்' என்றாகிவிடும். மடங்கினால் பணிவு. மற்ற நான்கு விரல்களும் ஒழுக்கம், அறிவு, உடல்நலம், அழகுணர்வு. வலது முட்டி வீரம், அதன்மேல் படியும் இடது கை அந்த வீரத்துக்குப் போடும் கட்டு. முழங்கைகள் உடம்போடு ஒட்டிவிட்டால் கைகள் வட்டமாக வராது. உலகத்துப் போர்க்கலைஞர் எல்லாரும் ஒரே குடும்பம் என்பது அந்த வட்டத்தின் பொருள், ஆகவே அது வெறும் அழகுக்கல்ல.

இனி பிழை. பார்த்தபடியே செய்ய வசதியாக இருக்கட்டும் என்று பயிற்சிப் பகுதிகளை இடவலம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பின்சுவரில் தொங்கும் 'வூ' என்ற சீன எழுத்து திரும்பித் தெரிவதைக் கவனித்தால் புரியும். குத்துக்கும் உதைக்கும் இதனால் கேடில்லை, இரண்டு பக்கமும் பழகத்தானே போகிறோம். வணக்கத்திலோ முட்டி இடது கைக்குப் போய்விடுகிறது. சீன மரபில் ஆண்கள் வலது கையை இடது கைமேல் வைத்து வணங்குவது துக்க வீட்டு முறை. திரையில் எப்படித் தெரிந்தாலும் சரி, முட்டி உங்கள் வலது கைதான்.

வரலாற்றுப் பகுதி சுமார். முட்டி சூரியன், விரிந்த கை சந்திரன், இரண்டும் சேர்ந்தால் 'மிங்' எழுத்து, ஆகவே சீனாவில் 1644இல் வீழ்ந்த மிங் ஆட்சிமேல் பற்றுள்ளவர்களின் ரகசிய அடையாளம் என்கிறார்கள். தெற்கத்திப் பள்ளிகள் இதைப் போற்றிச் சொல்லிவருகின்றன, நல்ல கதைதான். ஆனால் கைமேல் கை வைத்து வணங்கும் வழக்கம் மிங் காலத்துக்கும் வெகு முந்தையது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஷாவோலின் துறவிகளின் ஒற்றைக் கை வணக்கத்தை மட்டும், போதிதர்மரிடம் தன் கையை வெட்டிக் கொடுத்த சீடர் ஹுய்கேவின் ஐதீகம் என்று சரியாகவே குறிப்பிடுகிறார்கள்.

வாள் வணக்கப் பாடம் குறுகியது, ஆனால் துல்லியம். ஒருபக்கக் கூருள்ள வாளை இடது கையில் ஏந்தி, வாளின் கூரில்லாத முதுகுப்பக்கம் முன்கையில் படிய, கூர்ப்பக்கம் மேலே இருக்க வேண்டும். மரவாளில் பழகும்போதும் எது கூர்ப்பக்கம் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்வது நல்ல யோசனை. வாள் புரண்டிருந்தால் உடனே தெரிந்துவிடும்.