சிம்பிள் பாஸ்டா, பெர்ஃபெக்டா? ஆங்கில இறந்தகாலத்தில் எதை எங்கே எழுதுவது

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடக்கும் ஆங்கில வகுப்புகளின் கொப்பிகளில் ஒரு விதியை அடிக்கடி காணலாம். சற்று முன் நடந்ததற்குப் பிரெசன்ட் பெர்ஃபெக்ட் ("ஐ ஹாவ் சீன்"), சில நாள்களுக்கு முன் நடந்ததற்குச் சிம்பிள் பாஸ்ட் ("ஐ சோ"), நெடுநாளுக்கு முன் நடந்ததற்குப் பாஸ்ட் பெர்ஃபெக்ட் ("ஐ ஹேட் சீன்") என்பது அந்த விதி. மனனம் செய்ய வசதியானதுதான், ஆனால் ஆங்கிலம் அப்படி இயங்குவதில்லை. "ஐ சோ ஹிம் டூ மினிட்ஸ் அகோ" என்ற வாக்கியத்தில் கடந்திருப்பது இரண்டே நிமிடம், வினையோ சிம்பிள் பாஸ்டில் நிற்கிறது. "தமிழ்ஸ் ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபோர் சென்சுரிஸ்" என்பதில் நூற்றாண்டுகள் கடந்திருந்தும் பிரெசன்ட் பெர்ஃபெக்டே பொருந்துகிறது. ஆகவே இந்த மூன்றையும் ஒப்பிடும்போது நிகழ்ச்சி எவ்வளவு பழையது என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, பேசுபவர் எந்த இடத்தில் நின்று அதைப் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும்.

சிம்பிள் பாஸ்ட் முடிந்துபோன ஒரு காலப்பகுதிக்குள் நிகழ்ச்சியை வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறது. பிரெசன்ட் பெர்ஃபெக்ட், பெயரிலேயே நிகழ்காலத்தை வைத்திருப்பதற்கேற்ப, இன்றைய நிலையில் நின்று பின்னோக்கிப் பார்க்கிறது. தாமரைக் கோபுரம் 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதைச் சொல்ல "இட் ஓப்பன்ட் டு த பப்ளிக் இன் 2022" என்றே எழுத முடியும், ஏனெனில் ஆண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட்டது. "ஹாவ் யூ பீன் அப் த டவர்?" என்று நண்பரிடம் கேட்கும்போது, எந்த நாளில் ஏறினார் என்பது நமக்குத் தேவையில்லை, அந்த அனுபவம் இன்று அவரிடம் இருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறோம். அவர் "யெஸ், ஐ வென்ட் லாஸ்ட் சண்டே" என்று பதில் சொன்னால், அதே உரையாடலுக்குள் வடிவம் மாறியிருப்பதைக் கவனிக்கலாம். முதலில் பெர்ஃபெக்டில் விடயத்தை அறிவித்து, பின்னர் விவரங்களைச் சிம்பிள் பாஸ்டில் சொல்வது ஆங்கிலத்தில் மிகவும் பழக்கமான நடை. தேசிய அடையாள அட்டை தொலைந்து பொலிஸ் நிலையத்தில் ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதுபவருக்கும் இதுவே உதவும். "ஐ ஹாவ் லாஸ்ட் மை ஐடென்டிடி கார்ட்" என்ற முதல் வாக்கியம் அட்டை இன்னும் கிடைக்கவில்லை என்பதைத் தெரிவிக்கிறது. புறக்கோட்டையில், திங்கட்கிழமை, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்று தொடரும் அனைத்தும் சிம்பிள் பாஸ்டுக்கு உரியவை.

சில வேளைகளில் காலத்தைக் குறிக்கும் சொல்லை மட்டும் பார்த்து முடிவெடுக்க இயலாது. "திஸ் மார்னிங்" என்பதைக் காலை பத்து மணிக்குச் சொன்னால், காலை இன்னும் முடியாததால் "ஐ ஹாவ் ஹேட் டூ கப்ஸ் ஆஃப் டீ திஸ் மார்னிங்" என்பது இயல்பு. மாலை நான்கு மணிக்குச் சொன்னால் "ஐ ஹேட்" என்றாக வேண்டும். எழுவாய் யார் என்பதும் முடிவை மாற்றும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லில் மீளக் கட்டுவித்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1930இல் காலமானவர் என்பதால், அவருடைய செயலை "ஹீ ஹஸ் ரீபில்ட் த டெம்பிள்" என்று எழுதுவது பொருந்தாது. அந்தக் கோயிலையே எழுவாயாக்கி "த டெம்பிள் ஹஸ் ஸ்டுட் ஹியர் ஃபோர் மோர் தன் எ செஞ்சுரி" என்று எழுதினால் பிழையில்லை, ஏனென்றால் கோயில் இன்றும் நிற்கிறது.

தமிழ் பேசுபவருக்கு உண்மையான இடறல் காத்திருப்பது கால அளவைச் சொல்லும் வாக்கியங்களில்தான் என்பது என் எண்ணம். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் ஒருவர், தாம் ஆறு வருடமாக ஒரு வங்கியில் பணியாற்றி வருவதாகவும் இன்னும் அங்கேயே இருப்பதாகவும் சொல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் "ஆறு வருடமாக வேலை செய்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் "ஐ ஆம் வர்க்கிங் ஹியர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்" என்று வாயில் வருகிறது. ஆங்கிலம் அங்கே கேட்பது "ஐ ஹாவ் வர்க்ட்" அல்லது "ஐ ஹாவ் பீன் வர்க்கிங்" என்பதை. மறுபுறம், "வங்கியில் ஆறு வருடம் வேலை செய்திருக்கிறேன்" என்ற தமிழ் வாக்கியம் பெரும்பாலும் முடிந்துபோன அனுபவத்தைக் குறிக்கும். அதை அப்படியே "ஐ ஹாவ் வர்க்ட் இன் எ பேங்க் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்" என்று மாற்றிச் சொன்னால், கேட்பவர் இவர் இன்னும் அந்த வங்கியில்தான் இருக்கிறார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். விலகியவர் சொல்ல வேண்டியது "ஐ வர்க்ட்" மட்டுமே. ஒரே ஒரு துணைவினை ஒருவருடைய தற்போதைய வேலை நிலையையே மாற்றிக் காட்டிவிடுவதால், சுயவிபரக் கோவையைச் சரிபார்ப்பவர்கள் எழுத்துப் பிழைகளுக்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

பாஸ்ட் பெர்ஃபெக்டைப் பொறுத்தவரை சிக்கல் வேறு வகையானது: அது தேவையில்லாத இடங்களிலெல்லாம் வந்து அமர்ந்துகொள்கிறது. கொழும்புக் கந்தோர்களின் மின்னஞ்சல்களில் "ஐ ஹேட் சென்ட் யூ த ஃபைல் லாஸ்ட் வீக்" போன்ற தொடக்கம் சாதாரணம். தமிழில் "போன வாரம் கோப்பை அனுப்பியிருந்தேன்" என்பது தன்னளவில் நிறைவான, சற்றுப் பணிவான வாக்கியம். வேறொரு நிகழ்ச்சியை அது எதிர்பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் "ஹேட் சென்ட்" என்றவுடன், கடந்தகாலத்தில் நடந்த இன்னொன்றுக்கு முன்னதாக அனுப்பினாரா, அந்த இன்னொன்று எது என்று வாசிப்பவர் காத்திருக்கத் தொடங்குகிறார். அது வராமலே மின்னஞ்சல் முடிந்துவிடுகிறது. "ஐ சென்ட்" என்று எழுதினால் பணிவு குறைந்துவிடுமோ என்ற தயக்கம் வேண்டியதில்லை. பணிவைக் காட்ட ஆங்கிலத்தில் வேறு வழிகள் தாராளமாக இருக்கின்றன.

அப்படியானால் அந்த வடிவம் எங்கே தவிர்க்க முடியாதது? கடந்தகாலத்தின் ஒரு புள்ளியில் நின்று, அதற்கும் முந்தியதைப் பார்க்கும்போது. வடக்குக்கான புகையிரதச் சேவை 1990இல் தடைப்பட்டு, யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றதைச் சொல்லும் "வென் த யாழ்தேவி ரிட்டர்ன்ட் டு ஜாஃப்னா, நோ ட்ரெயின் ஹேட் ரீச்ட் த சிட்டி ஃபோர் ட்வென்டி ஃபோர் இயர்ஸ்" என்ற வாக்கியத்தில் "ஹேட்" என்பதை நீக்கினால், அந்த இருபத்துநான்கு வருடங்கள் ரயில் வந்த நாளுக்கு முன்னா பின்னா என்பதே குழம்பிப்போகும். கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு ஓடிச் சென்றவர் "வென் ஐ காட் டு ஃபோர்ட், த ட்ரெயின் லெஃப்ட்" என்று சொன்னால், அவர் வந்து சேர்ந்த வேளையிலேயே ரயில் புறப்பட்டது என்று பொருள். "ஹேட் லெஃப்ட்" என்றால் அவர் வெறும் மேடையைத்தான் கண்டார். ஆனால் "ஆஃப்டர்", "பிஃபோர்" போன்ற சொற்கள் வரிசையை ஏற்கெனவே தெளிவாக்கிவிடும் இடங்களில் இரண்டு வடிவங்களும் செல்லும். எனக்குச் சிம்பிள் பாஸ்டே மேலாகப் படுகிறது.

மற்ற இறந்தகால வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்ட் கன்டினியுவஸ் ("ஐ வாஸ் ஈட்டிங்"), ஒரு நிகழ்ச்சி குறுக்கிடும்போது நடந்துகொண்டிருந்ததைக் காட்டுவதற்கு. "நோ" (அறிதல்), "பிலீவ்" (நம்புதல்) போன்ற நிலை வினைகளை அதில் வைத்து "ஐ வாஸ் நோயிங்" என்று எழுதக் கூடாது. இப்போது இல்லாத பழைய வழக்கத்துக்கு "யூஸ்ட் டு" பொருத்தமானது. "வுட்" திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு வரும், நிலைக்கு வராது. அதனால் "வீ வுட் லிவ் இன் கொட்டாஞ்சேனை" என்று பழைய வசிப்பிடத்தைச் சொல்ல முடியாது. "டிட்" வந்த பிறகு வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்பதைச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் அறிவார்கள், ஆனாலும் "டிட் யூ வென்ட்" மறைந்தபாடில்லை.

கடைசியாக, பிரித்தானிய வழக்கும் அமெரிக்க வழக்கும். "ஜஸ்ட்", "ஆல்ரெடி", "யெட்" ஆகிய சொற்களுடன் பிரித்தானியர் பொதுவாகப் பெர்ஃபெக்டை விரும்ப, அமெரிக்கர் "டிட் யூ ஈட் யெட்?" என்று சிம்பிள் பாஸ்டிலும் இயல்பாகக் கேட்பர். அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அப்படிப் பேசினால் அது பிழை என்று திருத்துவது நியாயமில்லை. ஆயினும் நம் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழியைப் பின்பற்றுவதால், பரீட்சைத் தாளில் "ஹாவ் யூ ஈட்டன் யெட்?" என்பதே பாதுகாப்பானது. ஐஈஎல்டிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதுபவருக்கு இரண்டு வழக்குகளும் ஏற்கப்படும். இலக்கண வீச்சும் துல்லியமும் அதன் எழுத்து, பேச்சு மதிப்பீடுகளின் நான்கு அளவுகோல்களுள் ஒன்று என்பதால், தேவையில்லாத "ஹேட்" அங்கே மதிப்பைக் குறைக்கக்கூடும்.