மயில் உள்ளானைப் படமெடுக்க பாப்-அப் கூடாரம் உதவுமா?

ஒரு ஆள் உட்காரும் பாப்-அப் மறைவுக் கூடாரத்தை வாங்கின கையோடு மயில் உள்ளான் என்ற சேற்றுப் பறவையைப் படமெடுக்க, புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரி ஓரத்து வயல்களுக்குக் கொண்டுபோனால் ஏமாற்றம்தான். கொஞ்சம் கைவேலை செய்தால் தாராளமாக வாங்கலாம்.

முதல் கோளாறு ஜன்னல். ஸ்டூலில் உட்காருகிறவருக்காகத் தைத்தது. தரையிலிருந்து இரண்டரை அடி மேலே இருக்கிறது. மயில் உள்ளானோ சேற்றோடு சேறாக ஒரு சாண் உயரத்தில் நடமாடும். மேலிருந்து எடுத்தால் முதுகும் சேறும்தான் கிடைக்கும். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம், பெட்டையின் கழுத்துச் செம்பழுப்பு, தோளில் ஏறும் வெள்ளை வார் எதுவும் எடுபடாது. முன்பக்கத் துணியில் முக்கால் அடி உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பச்சைக் கொசுவலை தொங்கவிடுங்கள். ஸ்டூலுக்குப் பதில் பாய், ட்ரைபாடுக்குப் பதில் கேமராவைத் தாங்கும் பீன் பேக் பை. அதில் அரிசி நிரப்பாதீர்கள், நனைந்தால் ஊறி நாறும்.

கூடவே வரும் கம்பி முளைகள் சேற்றில் நிற்காது. கடல் காற்று கிளம்பியதும் துணி படபடக்கும். பறவை கோரைக்குள் புகுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒன்றரை அடி மூங்கில் குச்சி நான்கைச் சாய்வாக அடியுங்கள். ஜன்னல் வெல்க்ரோவை முன்கூட்டியே பிரித்து ஊக்கு குத்திவிடுங்கள். விடியலில் அதைப் பிரிக்கிற சத்தம் வயல் முழுக்கக் கேட்கும். கூடாரத்தையும் சாலையிலேயே விரித்துத் தூக்கி வாருங்கள்.

துணியில் சருகு அச்சு. அறுவடை முடிந்த தை மாதத்துக்குப் பொருந்தும், பச்சை வயலில் வைக்கோல் போர் மாதிரி துருத்தும். நாலு கைப்பிடி கோரையை வெளியே செருகினால் சரி.

ஐந்து மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், டார்ச் அடித்துப் பாம்பு பார்த்துவிட்டு. விடியலிலும் அந்தியிலும்தான் இந்தப் பறவை வெளியே வரும். எட்டு மணிக்கு மேல் உள்ளே புழுக்கம் தாங்காது. வயலின் கிழக்கு ஓரத்தில் போட்டால் காலை வெயில் முதுகுப் பக்கம் விழும். கோரை குறுக்கே வந்து ஃபோகஸை இழுக்கும், அதனால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ். பறவை மேயும்போது பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டும். ஆட்டம் நிற்கிற நொடியில் அழுத்தினால் ஷட்டர் வேகம் 1/250 போதும்.

அடைகாப்பது ஆண். அது இறக்கையை விரித்து, முன்னால் சாய்ந்து சீறினால் போஸ் கொடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கும்; மெல்லப் பின்வாங்குங்கள். வரப்பில் போட நிலத்துக்காரரிடமும், சரணாலயமான ஊசுட்டேரி என்றால் வனத்துறையிடமும் முதலில் கேளுங்கள்.

மடிக்கும்போது கூடாரத்தின் கம்பி வளையத்தை எட்டு மாதிரி முறுக்க வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டால் துணியில் கரும்பூஞ்சை பிடிக்கும், வளையம் துருவேறும். வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடியில் விரித்துப் போடுங்கள், மேலே ஒரு செங்கல் வைத்து.