மூலையில் ஒரு பொத்தானா, பக்கத்தையே திருத்துவதா? சபை இணையத்தளங்களுக்கு எது சரி

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையின் இணையத்தளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி ஆக்கித் தரும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு வழி இருந்தது. ஒன்று, தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தானைப் பொருத்துவது. அமுக்கினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், சிலதில் குரலும் வரும். மற்றது, பக்கங்களையே திருத்தி, அறிவித்தல் போடும் முறையையும் மாற்றுவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பொத்தானுக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் வேலை முடியும். இலவசமானவையும் உண்டு. தவிசாளர் திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். சபைக் கூட்டத்தில் காட்ட ஏதாவது வேண்டும்தானே. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாத வயதானவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும்.

ஆனால் கண் தெரியாத ஒருவர் எந்தத் தளத்துக்கும் தன்னுடைய திரைவாசிப்பானோடுதான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளோடுதான், வருகிறார். கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு கைபேசியில் டோக்பேக். இரண்டுக்கும் காசு இல்லை, இரண்டும் தமிழ் வாசிக்கும். அவருக்குப் பொத்தானின் குரல் எதற்கு? சில வேளை இரண்டு குரலும் சேர்ந்து பேசத் தொடங்கிவிடும். பொத்தானைப் போட்டால் எந்தத் தளமும் தரத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, 2025இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 10 இலட்சம் டொலர் கட்ட வைத்தது.

பக்கங்களைத் திருத்துவது தெரிந்த வேலைதான். மும்மொழித் தளத்தில் எந்தப் பக்கம் எந்த மொழி என்று நிரலில் குறிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்து வைத்தால் ஆங்கிலக் குரல் அதை வாசிக்கப் பார்த்துத் திணறும். வீதி விளக்கு முறைப்பாட்டுப் படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் வேண்டும். கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் சோதனையை எடுத்துவிட வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும். வெளிறிய சாம்பல் நிறத்தில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். இவையெல்லாம் ஒருமுறை செய்தால் முடிந்தது.

ஒருமுறையோடு முடியாதது அறிவித்தல். என் தீர்ப்பு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

வீடு, காணிகளுக்குச் சபை அறவிடும் சோலை வரியையே எடுங்கள். வருடத்துக்குரிய முழுத் தொகையையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. வீடு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், காணி கிழக்கே எழுவான்கரையில் என்று இருப்பவர், சக்கர நாற்காலியோடு ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்து விசாரிப்பதைவிட, வீட்டிலிருந்தே தளத்தைப் பார்க்கத்தான் விரும்புவார். அங்கே என்ன இருக்கிறது? அலுவலகத்தில் வேர்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி, அச்செடுத்து, செயலாளர் ஒப்பமிட்டு, சீல் குத்தி, ஸ்கான் பண்ணி ஏற்றிய படம். கொஞ்சம் சரிந்தும் இருக்கும். கண் தெரியாதவர் அதன்மேல் போனால் திரைவாசிப்பான் கோப்பின் பெயரை மட்டும் சொல்லும். பார்வை குறைந்தவர் பொத்தானை அமுக்கினால் சுற்றியுள்ள எழுத்தெல்லாம் பெரிதாகும், படம் அப்படியே கிடக்கும்.

ஸ்கான் வேண்டாம் என்று சொன்னால் பாமினியில் தட்டியதை அப்படியே பக்கத்தில் ஒட்டுவார்கள். பார்ப்பவருக்கு அது தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. ‘அறிவித்தல்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘எம், டபிள்யூ, பீ, டீ, பீ, ஜே, செமிகோலன்’ என்று போகும். இதை எந்தப் பொத்தானும் திருத்தாது.

அதனால் அறிவித்தலுக்கென்று ஒரு படிவம் செய்தேன். தலைப்பு, கடைசித் திகதி, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தொலைபேசி. இவற்றை யுனிகோடில், அதாவது உள்ளேயும் தமிழாகவே இருக்கும் எழுத்தில், நிரப்பாமல் ‘வெளியிடு’ வேலை செய்யாது. ஒப்பமில்லாத அறிவித்தல் செல்லுமா என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஒப்பமிட்ட பிரதியை அடியில் இணைக்க இடம் விட்டேன். பாமினிக்குப் பழகிய கைக்கு யுனிகோடு வராது என்ற கவலையும் வந்தது. அதே விசை அமைப்பிலேயே யுனிகோடு தட்டும் மென்பொருள்கள் இருப்பதால் அது ஒரு பொருட்டாகவில்லை. பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றி போதும், ஒருமுறை சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், இடமாற்றம். இன்று நன்றாகச் சொல்லிக்கொடுத்த முகாமைத்துவ உதவியாளர் அடுத்த வருடம் வேறு அலுவலகத்தில் இருப்பார். புதிதாக வருபவருக்கு யாரும் சொல்லாவிட்டாலும் படிவம் சொல்லும். கட்டணப் பொத்தானில் நடப்பது வேறு: சந்தா டொலரில், யாரோ ஒருவருடைய அட்டையில். அந்த ஆள் மாறினால் புதுப்பிக்க வேண்டும் என்பதே யாருக்கும் நினைவிராது.

என் வழிக்கும் விலை உண்டு. நாட்கள் பிடிக்கும், வெளியே தெரியாது, படம் எடுத்து முகநூலில் போட ஒன்றுமிருக்காது. அறிவித்தல் போட முன்பைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாகவே போகிறது; எழுதுவினைஞர்கள் முணுமுணுத்தார்கள், அதில் தவறுமில்லை. நான் சோதித்ததும் பார்வையற்றவர்களோடும் பார்வை குறைந்தவர்களோடும்தான். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் தளம் முழுக்கப் போய்ப் பார்த்தேன். ஆனால் அது என் கை. காது கேளாதவர்களுக்கான சைகை மொழிக் காணொளியை நான் செய்ததே இல்லை, ஆகவே அதில் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

அம்பாறைப் பக்கச் சபைகளிலிருந்தும் இதே கேள்வியோடு பேசுகிறார்கள். காசு ஒரு வேலைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் அறிவித்தல் பக்கத்தில் தொடங்குங்கள். இலவசப் பொத்தான் ஏற்கனவே இருந்தால், திரைவாசிப்பானோடு மோதாதவரை கழற்றத் தேவையில்லை. கட்டணப் பொத்தான் விற்க யாராவது வந்தால், கடைசியாக ஏற்றிய சோலை வரி அறிவித்தலைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு, கடைசித் திகதி என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்தால் விலை பேசலாம்.