ஐந்தடுக்குச் செடிக் கோபுரம்: ஊட்டி வாசலுக்குச் சரிப்படுமா?

நடுவில் ஒரு கம்பி, அதில் கோத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் ஐந்து பிளாஸ்டிக் தொட்டிகள், தொட்டிக்கு நான்கு குழி, அடியில் ஒரு தட்டு. இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. இரண்டு சதுர அடியில் 20 செடி என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. லைன் வீட்டு வாசலும் சரிவில் வெட்டிய ஒடுக்கமான முற்றமும்தான் இடம் என்றால் இது பெரிய வசதி. ஆனால் கூடவே வரும் குறிப்புத்தாள் சமவெளி மொட்டை மாடிக்காக எழுதியது. அங்கே செடி காய்ந்து சாகும், இங்கே அழுகிச் சாகும்.

முதலில் கலவை. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி என்கிறது தாள். தென்மேற்குப் பருவமழையில், நாள் முழுக்க மூடுபனி நிற்கும்போது அது உலரவே உலராது. வேருக்குக் காற்று கிடைக்காமல் தழை வாடும். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) அல்லது கழுவிய பருமணல் 1 பங்கு போதும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, சாயம் வெளிறும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் உப்பு இறங்கும். தோட்டத்து மண்ணைச் சேர்ப்பதானால் அது புளிப்பு மண் என்பதை மறக்க வேண்டாம். லிட்டர் மண்ணுக்கு 2 முதல் 3 கிராம் டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்து இரண்டு வாரம் ஈரத்தோடு வைத்துவிட்டு நிரப்புங்கள்.

பொருளின் பெரிய குறை தண்ணீர் இறங்கும் விதம்தான். மேலே ஊற்றினால் கீழே தானாகப் பரவும் என்கிறார்கள். நடக்கிறதென்னவோ, தண்ணீர் கம்பியைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே நேராக அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. நடு அடுக்குகள் வறண்டிருக்க, கடைசி அடுக்கு சேறாகிறது. கம்பியை எடுத்துவிட்டு அதே இடத்தில் முக்கால் அங்குல பி.வி.சி. குழாயை நிறுத்தி, அடியை மூடியால் அடையுங்கள். மேல் அடுக்குகளுக்கு நேரே மும்மூன்று துளை, கீழ் அடுக்குகளுக்கு ஒவ்வொன்று, எல்லாம் 3 மி.மீ. கீழே போகப் போக நீரழுத்தம் கூடும், அதனால்தான் இந்த வித்தியாசம். குழாயில் தண்ணீர் ஊற்றினால் எல்லா அடுக்கும் ஓரளவு சீராக நனையும். அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

சுவரோரம் வைத்தால் பின்பக்கக் குழிகள் வெளிறி நெடுநெடுவென்று வளரும். மூன்று நாளுக்கொரு முறை கால் சுற்று திருப்ப வேண்டும். கீழே மாட்டித் தரும் உருளைச் சக்கரம் நனைந்த பாரத்தைத் தாங்காது. அதைக் கழற்றிவிட்டு ஒரு கடப்பைக்கல் மேல் வைத்துத் திருப்புங்கள்.

நவம்பரில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தலைக்குந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில் குளிர்ந்த காற்று தரையோடு தேங்குவதால் கீழ் அடுக்குதான் முதலில் கருகும். அங்கே முட்டைக்கோஸ் இனக் கீரைகள், லீக்ஸ் (வெங்காய இனச் செடி). மேலே லெட்யூஸ், கொத்தமல்லி. இறவாணத்துக்குள் ஓரடி தள்ளி வைத்தாலே பாதிப் பனி விழாது. இல்லாவிட்டால் மாலையில் சாக்கு போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டினால், ஒட்டிய இடம் கருகும்.

ஸ்ட்ராபெரிக்கு இந்தக் கோபுரம் நன்றாகப் பொருந்துகிறது; பழம் மண்ணில் படாமல் தொங்குவதால் சாம்பல் பூஞ்சை குறைகிறது. நடும்போது குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. ஊட்டியில் இருந்துகொண்டு கேரட் போடாமல் இருக்க மனசு வராதுதான், ஆனால் ஒரு சாண் கூட ஆழமில்லாத தொட்டியில் கிழங்கு குட்டையாகிக் கிளைத்துப் போகும். பட்டாணி, பீன்ஸுக்கு இரண்டு குச்சியும் சணல் கயிறும் போதும், இந்தச் செலவே வேண்டாம்.

அடிக்கடி நீர் வழிவதால் சத்தும் கரைந்து போகிறது. அடியிலைகள் மஞ்சளானால் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து இலைமேல் தெளியுங்கள், கூடவே அடுக்குக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம்.

நிரப்பிய தொட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் விரிசல் விழும், அடுக்கிய பிறகே நிரப்புங்கள். ஜூலைக் காற்றுக்கு ஐந்தடுக்கு தாங்காது. நான்கோடு நிறுத்தி, தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். மிஞ்சும் ஐந்தாவது தொட்டி புதினாவுக்கு. கோபுரத்தில் வைத்தால் புதினா வேர் பக்கத்துக் குழிகளையும் பிடித்துக்கொள்ளும்.