கடலோரத்துல ஷட்டர் மோட்டார் போடப்போறீங்களா? 62,500 ரூபாய் போன கணக்கைப் பாத்துட்டுப் போங்க

சென்னையில கோட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கம் கார் ஷெட்டுக்கு ரிமோட் ஷட்டர் போடலாம்னு இருக்கிறவங்க, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. 62,500 ரூபாய். என் வீட்டுல ஜூலையில மாட்டினது. ஐப்பசி மழை ரெண்டு பெய்ததும் படுத்துடுச்சு. இப்ப ஷட்டர் முழங்கால் உயரத்துல நிக்குது, கார் உள்ளே இருக்கு.

கடை பேர் எழுதலை. ஷட்டர், கேட் ஆட்டோமேஷன் வேலை எடுக்கிற சாதாரணக் கடைதான். 10 அடி அகலம், 8 அடி உயரம், ஆக 80 சதுர அடி. ஜிஐ ஷட்டர், அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகடு, 24,000. சைடு மோட்டார், ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவர், ரெண்டு ரிமோட் சேர்த்து 31,500. ‘கோஸ்டல் கோட்டிங்’ 7,000. கூட்டிப் பாருங்க, அதே 62,500.

ஏமாந்த இடம் எதுன்னா, அளவெடுக்க வந்த ஆளே முதல்ல கடல் காத்தைப் பத்திப் பேசினதுதான். ஜன்னல் கிரில்லை நகத்தால சுரண்டி, உதிர்ந்த துருவைக் கையில வெச்சுக் காட்டினார். “பாத்தீங்களா சார், இதுதான் இங்க பிரச்சினை. சாதா மோட்டார் ஆறு மாசம் தாங்காது. 300 கிலோ வேணாம், 600 கிலோ கோஸ்டல் மாடல் போட்டுடுங்க.” பிரச்சினையை நாம கேக்கறதுக்கு முன்னாடியே சொல்ற ஆளை யார் சந்தேகப்படுவா? அடுத்தது பில். “பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி ஏறும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு? வாரண்டிக்கு நான் பொறுப்பு.” மிச்சமானது 11,250. கையில இருக்கிறது எஸ்டிமேட்னு எழுதின ஒரு துண்டுச் சீட்டு, தேதிகூடக் கிடையாது.

முதல் பொய் கிலோ, அதாவது மோட்டார் தூக்கற எடை. 18 கேஜ் தகட்டுல 80 சதுர அடி ஷட்டர் ஏறக்குறைய 100 கிலோதான் வரும். 300 கிலோ மோட்டாரே தாராளம். 600 கிலோன்னா கியர் பெரிசு, காயில் பெரிசு, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற மைக்ரோ சுவிட்ச், ரிசீவர் போர்டு, ஸ்க்ரூ எல்லாம் அதே சரக்கு. கடலோரத்துல சாகறது கியரும் காயிலும் இல்லை, இந்தச் சில்லறைச் சாமான்தான். உப்புக்குக் கிலோ கணக்கு தெரியாது.

எது எந்த வரிசையில போச்சுன்னு பாருங்க, உங்க வீட்டுலயும் இதே வரிசையிலதான் போகும். முதல்ல ரிமோட். தெருமுனையில இருந்து வேலை செஞ்சது, அப்புறம் கேட்டுக்கிட்ட வந்தாத்தான், அப்புறம் ஷட்டருக்கு நேரா கீழ நின்னாத்தான். எல்லாரும் ரிமோட் பேட்டரியை மாத்துவாங்க. தப்பு அங்க இல்லை. ரிசீவர்ல ஆண்டெனா ஒயர் சேர்ற டெர்மினல் பச்சை பிடிச்சிருந்தது. ரெண்டாவது, மேலே போன ஷட்டர் நிக்காம, சுருள்ற டிரம்முக்குள்ள போய் முட்டி, அடி ஆங்கிள் வளைஞ்சது. காரணம் லிமிட் பெட்டி, ஷட்டரை மேலயும் கீழயும் சரியான இடத்துல நிறுத்தறது. அதுக்குள்ள ஒரு மரைத்தண்டு, அதுல நகர்ற ரெண்டு நட்டு. நட்டு நகர்ந்து வந்து சுவிட்சைத் தட்டினாத்தான் மோட்டார் நிக்கும். நட்டு துருவுல இறுகிட்டா நகராது, தண்டோட சேர்ந்தே சுத்தும். அப்புறம் சுவிட்சை யார் தட்டறது? மூணாவது, மோட்டார் உர்ர்னு உறுமும், சுத்தாது. பிரேக் தகடு துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. ரெண்டு மூணு தடவை பட்டனை அமுக்கினா காயில் சூடேறி தெர்மல் கட் ஆகிடும், அரை மணி நேரம் அசையாது. கடைசியா கைச்சங்கிலி. கரண்ட் போனா கையால இழுக்கறதுக்குன்னு கொடுத்தது, அதுவும் கண்ணிக்குக் கண்ணி இறுகிக் கிடந்தது. அவசரத்துக்குன்னு இருந்த ஒரே வழியும் போச்சு.

மோட்டார் மேல ஐபி 54னு ஸ்டிக்கர் இருக்கு. இருக்கட்டும். அது தூசியும் தெறிக்கிற தண்ணியும் பத்தின கணக்கு. சோதனை பண்றது நல்ல தண்ணியில. உப்புல உலோகம் எத்தனை நாள் தாங்கும்னு அந்த நம்பர் ஒரு வார்த்தை சொல்லாது. அதுக்கு உப்புத் தூவல் சோதனைன்னு தனியா இருக்கு, 35 டிகிரி வெப்பத்துல 5 சதவீத உப்புக் கரைசலைப் பனி மாதிரி தூவி எத்தனை மணி நேரம் தாங்குதுன்னு பார்ப்பாங்க. ‘கோஸ்டல் மாடல்’னு யார் சொன்னாலும் அந்த மணிக்கணக்கை எழுத்துல கேளுங்க. இதுல இன்னொரு கூத்து, ஐபி 54 மோட்டார் உடம்புக்கு மட்டும். ரிசீவர் இருந்தது சுவத்துல மாட்டின சாதா பிளாஸ்டிக் பெட்டியில. ரப்பர் கேஸ்கெட் கிடையாது, ஒயர் மேல் பக்கத்துல இருந்து உள்ள போகுது. மழைத்தண்ணி ஒயரையே பிடிச்சுக்கிட்டு நேரா போர்டு மேல இறங்கும். உள்ளே ஒரு பல்லி குடும்பமே நடத்தியிருக்கு.

இப்ப அந்த 7,000 ரூபாய் கோட்டிங். பளபளன்னு வெள்ளி நிறம். அது கடையில விக்கிற அலுமினியம் பெயிண்ட், அதுவும் பிரைமர் இல்லாம ஜிஐ தகட்டு மேல நேரா அடிச்சது. துத்தநாகப் பூச்சு மேல பெயிண்ட் பிடிக்கிறதுக்குன்னு இருக்கிற எட்ச் பிரைமர் போடாம இந்த மாதிரி சாதா பெயிண்ட் அடிச்சா தோல் உரியும். உரிஞ்சது. வேற ஒரு பட்டறையில மீட்டர் வெச்சுப் பாத்ததுல தகட்டுல துத்தநாகம் ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான். அதாவது 120 ஜிஎஸ்எம் தகடு, மார்க்கெட்ல சல்லிசா கிடைக்கிறது. ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் தகட்டுல எத்தனை கிராம் துத்தநாகம்ங்கற கணக்கு, ரெண்டு பக்கமும் சேர்த்து. 275 ஜிஎஸ்எம் வாங்கினா ஒரு பக்கத்துக்கு 19 மைக்ரான் கிட்ட வரும். துருப்பிடிச்சது வெளிப்பக்கம் கூட இல்லை, மேலே டிரம் மூடிக்குள்ள சுருண்டு கிடக்கிற பகுதியும் ஷெட்டு உள்பக்கமும். நிறைய பேருக்கு இது புரியறதில்லை. மழை படற இடத்துல உப்பைத் தண்ணியே கழுவிடும். மழை படாத இடத்துல உப்பு படிஞ்சு, ராத்திரி ஈரத்தை இழுத்து வெச்சுக்கிட்டு அங்கேயே அரிக்கும். கோட்டிங்கை வெளிப்பக்கம் மட்டும் அடிச்சுட்டுப் போயிட்டாங்க.

பிராக்கெட் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு பெருமையா காட்டினாங்க. அதை மாட்டினது சாதா இரும்பு போல்ட்டுல. பெரிய எஸ்எஸ் தகட்டோட சின்ன இரும்பு போல்ட்டைச் சேர்த்தா, ஈரத்துல அந்த போல்ட்தான் வேகமா கரையும். ரெண்டு போல்ட் தலை கையோட வந்துச்சு. நூறு கிலோ ஷட்டர் தொங்கறது அதுலதான்.

அப்புறம் போன் படலம். முதல் தடவை, “பையனை அனுப்பறேன் சார்.” மூணு நாள் கழிச்சுப் பையன் வந்து துரு எடுக்கற ஸ்ப்ரேயை அடிச்சு, வந்ததுக்கு 500 வாங்கிட்டுப் போனான். ரெண்டு நாள் ஓடிச்சு. அடுத்து, “தீபாவளிக்குப் பசங்க ஊருக்குப் போயிட்டாங்க சார்.” அடுத்து, “வாரண்டி மோட்டாருக்குத்தான் சார், போர்டுக்குக் கிடையாது.” மோட்டாரே சுத்தலையேன்னா, “காயில் நல்லாத்தானே இருக்கு, பிரேக்குல தண்ணி போனா நாங்க என்ன பண்றது?” அடுத்து, “பில் நம்பர் சொல்லுங்க, கம்பெனியில கேக்கறேன்.” பில் வேணாம்னு சொன்ன அதே வாய்! கடைசியா சொன்னதைத்தான் மறக்க முடியலை. “சார், கடல் காத்து சார். எதைப் போட்டாலும் இப்படித்தான்.” விக்கும்போது 600 கிலோவுக்கும் 7,000 ரூபாய் கோட்டிங்குக்கும் எந்தக் கடல் காத்து காரணமோ, கைகழுவும்போதும் அதே கடல் காத்துதான் காரணம். புது பேனல் மாத்த 9,800 கேக்கறாங்க. 62,500 போதாதாம். இப்ப வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் வருது.

எதைப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன். எரிச்சல்ல வரிசையா வரமாட்டேங்குது, இதை மட்டும் பிடிச்சுக்கோங்க.

பில் இல்லாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. பில்லுல மோட்டார், ரிசீவர் போர்டு, லிமிட் பெட்டி மூணுக்கும் வாரண்டி தனித்தனியா எழுதியிருக்கணும். ‘துரு, ஈரம் வாரண்டியில சேராது’ன்னு இருந்தா அங்கேயே எழுந்து வந்துடுங்க.

லிமிட் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. மரைத்தண்டு பித்தளையோ எஸ்எஸ்ஸோ இருக்கணும், மைக்ரோ சுவிட்ச் சீல் வெச்சதா இருக்கணும். போர்டு மேல வார்னிஷ் மாதிரி பூச்சு இருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.

பெட்டி கேஸ்கெட்டோட இருக்கணும். ஒயர் கீழ்ப்பக்கத்துல கிளாண்டு, அதாவது ஒயரைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற மூடி வழியா ஏறணும், ஏறறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடணும். சுத்தி சிலிக்கான் பூசி முழுசா அடைக்கிறதும் தப்பு, உள்ளே வேர்க்கிற தண்ணி வெளியேற அடியில சின்ன ஓட்டை வேணும்.

போல்ட் 316 கிரேடு எஸ்எஸ்ல கேளுங்க. காந்தம் ஒட்டலைன்னு காட்டி ஏமாத்துவாங்க. 202லயும் காந்தம் பெரிசா ஒட்டாது, ஆனா கடலோரத்துல சீக்கிரமே துருப்பிடிக்கும். 304ம் கடல் பக்கத்துல டீத்தண்ணி கறை மாதிரி ஆகும்.

கைச்சங்கிலியை மாசம் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, எண்ணெய் விடுங்க. ஷட்டர் ஏறி இறங்கற சைடு சேனல்ல கிரீஸ் தடவாதீங்க, மணலும் உப்பும் அதுலதான் ஒட்டும். டிரம் மூடிக்குள்ள வாரம் ஒரு தடவை நல்ல தண்ணித் துணியால துடைக்கணும், மெயினை அணைச்சுட்டு.

ஏற்கெனவே மாட்டினவங்க யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீங்க. பில் இல்லைன்னாலும் பணம் போனதுக்கு அதுதான் ஆதாரம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். நான் 62,500க்குப் புகார் எழுதிக்கிட்டு இருக்கேன்.

இன்னொண்ணு. பாதியில நின்ன ஷட்டரை ஆள் சேர்த்துக் கையால தூக்காதீங்க, கீழே குனிஞ்சு போகாதீங்க. பிரேக் எப்ப விடும்னு சொல்ல முடியாது. மெயினை அணைச்சு, ரெண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்துட்டு ஆளைக் கூப்பிடுங்க. அந்தக் கடை ஆளை இல்லை.